இராப்பத்தில் ஓர் இராப்பந்தயம்

காரின் பின்பக்கம் ஒருவர் காற்றுக்குழாயைச் செருகுகிறார். புஸ்ஸ்ஸ்! வயிற்றுக்கடியிலிருந்து குட்டிக் கால்கள் இறங்கி, 1,260 கிலோ போர்ஷே அப்படியே தரையை விட்டு எழும்பி நிற்கிறது. ஜாக்கி உருட்டுவார் இல்லை, கட்டை வைப்பார் இல்லை, "ஏய், கையப் பாத்துடா" என்று கத்துவாரும் இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நட்டு. துப்பாக்கியை வைத்து டர்ர்ர் என்றதும் சக்கரம் கையோடு வருகிறது. இன்னொரு டர்ர்ர், புதுச் சக்கரம் ஏறியாயிற்று. குழாயைப் பிடுங்கியதும் தொப்பென்று இறங்குகிறது கார். இறங்கின மூச்சிலேயே பாய்கிறது.

"பாத்தியாண்ணா? பாத்தியா?" துபாயிலிருந்து சித்தப்பா பையன் கத்துகிறான். அவன் ஃபோனை உயர்த்திப் பிடித்திருக்க, நான் ஸ்ரீரங்கம் உத்தர வீதித் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தேன், பார்த்தேன், இன்னொரு தரம் காட்டுடா தம்பி!

வளைவும் வேகமும் முந்துவதும் முட்டுவதும் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. அதற்கு ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது கார்களைச் சரிபார்க்கும் பிட் கொட்டகைக்குள் நடப்பது. யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள், எண்ணெய் எங்கே ஊற்றுகிறார்கள், ராத்திரி மூன்று மணிக்கு எந்த நட்டைக் கழற்றுகிறார்கள், இதெல்லாம்தான். திருச்சியிலிருந்து துபாய்க்கு நேர் விமானம் இருக்கிற புண்ணியத்தில் எங்கள் தெருவில் அநேகமாக வீட்டுக்கொருவர் அங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பையன் அன்று லீவு போட்டுவிட்டுப் பந்தயத் திடலில் இருந்தான். வேறென்ன வேண்டும்!

அந்தச் சனிக்கிழமை, 2025 ஜனவரி 11. முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி. விடியுமுன் பரமபத வாசல் திறந்து, ரத்னாங்கி மின்ன நம்பெருமாள் எழுந்தருளி, பத்து இரவு உற்சவமான இராப்பத்து தொடங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு முதல் நாள் தூக்கமே பாக்கி. திண்ணையெல்லாம் வெளியூர் உறவுக்காரர்கள். தூங்காமல் கிடப்பதற்கு இதைவிடத் தோதான வாரம் ஸ்ரீரங்கத்தில் கிடையாது. அந்த வாரம் பார்த்தா துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரப் பந்தயம் வந்து விழ வேண்டும்? விழுந்தது. போதாக்குறைக்கு, பொங்கலுக்கு வருவதாக இருந்த 'விடாமுயற்சி' தள்ளிப்போயிருந்தது. படம் வராத பொங்கலுக்கு நாயகன் அஜித் குமாரே சொந்த அணியோடு கார் ஓட்டக் கிளம்பிவிட்டார்.

திருச்சிக்காரர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்காக இங்கே ரைஃபிள் கிளப்புக்கு வந்தார். சேதி கசிந்ததும் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், மலைக்கோட்டை தெப்பத் திருவிழா வேறு பக்கம் நகர்ந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். மாடியில் ஏறி நின்று கையசைத்த பிறகுதான் கூட்டம் மூச்சு விட்டது. பதக்கங்களும் வாங்கிக்கொண்டு போனார். குறி பார்க்கிற மனுஷன் குறி தப்பாமல் ஓட்டவும் செய்வாரா என்று அன்றைக்கே பந்தயம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டாதவரும் இல்லை. 2003-இல் ஃபார்முலா ஆசியா பிஎம்டபிள்யூ, 2010-இல் ஃபார்முலா 2 என்று ஏற்கெனவே ஒற்றை இருக்கை வண்டிகளில் உட்கார்ந்து எழுந்தவர். ஆனால் அது வேறு ஆட்டம். இது 24 மணி நேரம். வயது 53.

இனி விஷயத்துக்கு வருவோம். எனக்கு ஏன் இந்தப் பந்தயத்தில் இவ்வளவு குதூகலம் என்றால், இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைப் போல ஒரு சந்தர்ப்பம் லேசில் அமையாது. அஜித் அணியின் வண்டி போர்ஷே 911 ஜிடி3 கப், எண் 901. அவரோடு பெல்ஜியக்காரர்கள் மாத்யூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்லியோட். ஜனவரி 7 அன்று பயிற்சியில் அந்த வண்டி தட்டாமாலை சுற்றித் தடுப்பில் மோதியது. அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், வயிற்றைப் பிசைந்திருக்கும். சின்னக் காயம்கூட இல்லாமல் இறங்கி நடந்தார். பிறகு அணியின் நன்மையை யோசித்து, 901-ஐ மற்ற மூவரிடம் விட்டுவிட்டு, ரஸூன் என்ற அணியின் 414-ஆம் எண் போர்ஷே கேமன் ஜிடி4-இல் ஏறிக்கொண்டார். ஆக ஒரே வாரம், ஒரே திடல், ஒரே மனிதர், இரண்டு போர்ஷே! கார்ப் பத்திரிகைக்காரர்கள் காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் ஒப்பீட்டை விதி இலவசமாகச் செய்துகொடுத்தது.

இரண்டு வண்டியின் மூடியையும் திறந்தால் முதலில் சிரிப்புதான் வரும். உள்ளே இருப்பது அண்ணன் தம்பி. இரண்டிலும் நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத பாக்ஸர் எஞ்சின். கப் காரில் 510 குதிரைத் திறன். கேமன் ஜிடி4-இன் ஆர்எஸ் கிளப்ஸ்போர்ட் வடிவத்தில் 500. பத்தே பத்துக் குதிரைகள் வித்தியாசம்! பிறகு எதற்கு இரண்டு வெவ்வேறு வகுப்பு, இரண்டு வெவ்வேறு வேகம்?

எஞ்சினை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். 911-இல் அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கேமனில் பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநரின் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. டிவிஎஸ் 50-இல் பின்னால் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு காவேரிப் பாலத்தில் வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். பின்பக்கக் கனம் இருந்தால் கிளம்பும்போது டயர் தரையைக் கவ்விக்கொள்ளும், வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி சீறும். ஆனால் வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தீர்களோ, போச்சு, பின்பக்கம் முன்னால் வந்து உங்களுக்கு வணக்கம் சொல்லும். அறுபது வருஷமாகப் போர்ஷே பொறியாளர்கள் இந்தக் குணத்தைத் தடவிக்கொடுத்துச் சாந்தப்படுத்தி வருகிறார்கள். முழுசாகச் சாந்தமாகிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறார்கள். கேமனுக்கு அந்தக் கோபம் கிடையாது. நடுவில் கனம், நாலு டயருக்கும் பங்கு, தப்புச் செய்தால் முன்கூட்டியே முணுமுணுக்கும்.

இன்னும் இருக்கிறது. கப் காரில் கியர் மாற்றுவது ஆறு படி சீக்வென்ஷியல் பெட்டி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்மண்டையில் ஒரு 'டக்'. கிளட்ச் மிதி நின்ற இடத்திலிருந்து கிளம்ப மட்டும்தான். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும், வழுக்கலைத் தடுக்கும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் பந்தய விதி அனுமதித்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் ஓட்டுநரின் வலது கால்தான் எல்லாம். கேமனில் ஏழு படி இரட்டைக் கிளட்ச் பிடிகே, ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு எல்லாம் பிறவியிலேயே. எடை மட்டும் நூறு கிலோ அதிகம். அதையும் தாண்டி, ஜிடி4 வகுப்பில் எல்லா வண்டியும் சமமாக ஓட வேண்டும் என்று, யாருக்கு எவ்வளவு எடை, எவ்வளவு காற்று என்று விதிகாரர்கள் அளந்து கட்டிவிடுகிறார்கள். கேமனின் 500 குதிரையில் எத்தனையை லாயத்திலேயே கட்டிப்போட்டார்கள் என்பது வகுப்பு விதிக்கு வெளிச்சம். பக்கத்துக் கொட்டகையில் நிற்கும் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி4-க்கும் இதே கதிதான். டர்போ வைத்து 550 வரை கக்கக்கூடிய எஞ்சினைக் கட்டிப்போட்டு ஓட்டுகிறார்கள்.

கேமனில் எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் ஒன்று. 2019-இல் வந்த இதன் முந்தைய வடிவத்திலேயே கதவுகளையும் பின்னிறக்கையையும் ஆளிச்செடி போன்ற பயிர்களின் நாரில் வார்த்திருந்தார்கள். கார்பன் ஃபைபருக்குப் பதில் வயல் நார்! அசல் பந்தயக் காரின் கதவு செடியிலிருந்து வருகிறது என்று சொன்னபோது என் அத்தை, "கட்டெறும்பு ஏறாதோ?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் ஆட்டத்துக்கு ஓர் உயிர் வந்தது. பாலக்கரையில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இராப்பத்து சேவைக்கு வந்தவர், தரிசனம் முடிந்து திண்ணைக்கு வந்து சேர்ந்தார். அவர் பார்க்கத் தொடங்கியதும் எனக்குப் பந்தயமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முந்திப் போகிற வண்டிகளை அவர் லட்சியமே செய்யவில்லை. பிட் பக்கம் காட்டும்போது மட்டும் முன்னால் குனிந்தார்.

"சார், எஞ்சினு எத்தன மணி நேரத்துக்கு ஒரு தரம் பிரிக்கணுமாம்?"

"கப் காருக்கு நூறு மணி நேரம் ஓடின பிறகு பார்த்தால் போதும் என்று போர்ஷே சொல்கிறது."

"அப்ப எஞ்சின் பத்தி கவலையே இல்ல. பிரேக்கைப் பாருங்க."

பார்த்தேன். துபாயில் ஜனவரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே வெயில் போய்விடும். மறுநாள் காலை ஏழு வரை வெளிச்சம் வராது. பதின்மூன்று மணி நேர இருட்டு. இருட்டியதும் ஒரு கண்கொள்ளாக் காட்சி. நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு முன் பிரேக் அழுத்தும்போது சக்கரத்துக்குள் வட்டத்தட்டு செக்கச்செவேலென்று ஒளிர்கிறது! கப் காரின் முன்பக்க டிஸ்க் 380 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுற்றில் பலமுறை பழுத்து, ஆறி, பழுத்து, ஆறி, இப்படி ராத்திரி முழுக்க. பேடு தேயாமல் என்ன செய்யும்? வேகமான வண்டி அதிக வேகத்திலிருந்து நிற்க வேண்டும், அதனால் அது தின்னும் பேடும் அதிகம். ஆக 24 மணி நேரத்துக்கு எத்தனை பேடு, எப்போது மாற்றுவது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

"சுடச்சுட காலிப்பர்ல கைய வெக்கணும் சார். நம்மகிட்ட வர்ற பையனுங்க ஆறட்டும்னு டீ குடிக்கப் போயிருவானுங்க," என்றார் நண்பர். அவர் குரலில் லேசான பொறாமை.

நடுராத்திரி வாக்கில் தம்பி கொட்டகைகளின் பின்பக்கம் போனான். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. டயர் அடுக்குக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து ஒருத்தர் குறட்டை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஓட்டுநர் ஒருவர், அடுத்த முறை அவருடையதாம். மேஜைமேல் மூன்று திரையில் கோடு கோடாக எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணி ஒருவர், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூலையில் ஓட்டுநர் பெயர் எழுதிய தக்கை மெத்தைகள்! இவை என்ன என்று விசாரித்தால், இருக்கைக்குள் போடும் உட்பொதிவாம். ஒரே இருக்கை, நாலு உடம்பு. ஒவ்வொருவர் முதுகுக்கும் வார்த்த மெத்தையைத் தூக்கிக்கொண்டே இறங்குகிறார்கள், அடுத்தவர் தன் மெத்தையோடு ஏறுகிறார். இறங்குபவர் வெளியே வந்ததும் ஏறுபவருக்குப் பெல்ட் மாட்டிவிடுவதும் அவர்தான். தண்ணீர்க் குழாய், ரேடியோக் கம்பி எல்லாம் சொருகிக் கதவைச் சாத்தி ஒரு தட்டு தட்டுகிறார். சூட்டில் வெந்து, வியர்வையில் நனைந்து, கால் நடுங்க இறங்குகிற மனிதர் உடனே செய்ய வேண்டிய வேலை, இன்னொருவரைக் கட்டிப்போடுவது.

இந்தப் பந்தயத் தொடரின் தனி விசேஷம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். லெ மான்ஸிலும் மற்ற இடங்களிலும் அவரவர் கொட்டகை வாசலிலேயே எண்ணெய் ஊற்றிக்கொள்வார்கள். இங்கே அது கிடையாது. தொடரை நடத்தும் டச்சு நிறுவனமான க்ரெவென்டிக் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறது. ஆமாம், பங்க்! கோடி ரூபாய்க் கார்கள் வரிசையில் நிற்கின்றன. பிஎம்டபிள்யூ முன்னால், அதன் பின்னால் மெர்சிடிஸ், அதன் பின்னால் நம்ம போர்ஷே. எண்ணெய் ஊற்றும் இடத்தில் டயர் மாற்றுவது, பேடு மாற்றுவது எதுவும் கூடாது. ஊற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்துதான் மற்றது. முதல் நிமிடம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தில்லை நகர்ப் பங்க்கில் நானும் ஸ்கூட்டரோடு இப்படித்தானே நிற்கிறேன், எனக்கு யாரும் கோப்பை தரவில்லையே!

சிரித்து முடித்ததும் நண்பர் கணக்குப் போட ஆரம்பித்தார். எத்தனை முறை வரிசையில் நிற்கிறோம் என்பது வேகத்தைவிட முக்கியமாகிவிடுகிறது. குறைவாகக் குடிக்கும் வண்டிக்கு இரண்டு வரிசை மிச்சம். தப்பான நேரத்தில் வந்து ஆறாவது ஆளாக நின்றால், ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்த நொடிகள் எல்லாம் அங்கேயே செலவு. கப் காரில் 110 லிட்டர் டேங்க். ஆனால் அதை எப்போது நிரப்புவது என்று முடிவெடுக்கும் ஆள் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியைப் போன்றவர்கள்தான்.

இதோடு 'கோட் 60' என்ற இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்காவது கார் கவிழ்ந்தாலோ எண்ணெய் கொட்டினாலோ பாதுகாப்புக் கார் வந்து முன்னால் ஓடாது. ஊதாக் கொடி காட்டுவார்கள், உடனே எல்லாரும் மணிக்கு 60 கிலோமீட்டர். வேகமான ஜிடி3 வகுப்பு ராட்சசர்களும் அறுபதுதான், கடைசியில் வரும் குட்டிக் காரும் அறுபதுதான். திடலின் நீளம் 5.39 கிலோமீட்டர். அறுபதில் போனால் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் 23 நொடி. சாதாரணமாக ஜிடி3 வண்டி அதே சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆக ஊதாக் கொடி வந்ததும் எல்லாருக்கும் ஒரே யோசனை: மற்றவன் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நாம் போய் எண்ணெய் ஊற்றிக்கொள்வோம்! எல்லாரும் இதையே யோசித்தால் பங்க் என்னாவது? தம்பி காட்டினான். திருச்சி காந்தி மார்க்கெட் வாசல் தோற்றது.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், எஞ்சினுக்கு ஊட்டம். ஆனால் டயருக்குச் சூடு ஏறாது, பாலைவன மணல் வேறு தாரில் பொடியாகப் படியும். கொட்டகையிலிருந்து புது டயரோடு வெளியே வரும் முதல் சுற்றில்தான் பலர் சுழல்கிறார்கள். இந்த நேரத்தில் கப் கார் ஓட்டுபவர் முழுக் கவனத்தோடு கால் விரலால் பிரேக்கைப் பேசவைக்க வேண்டும். கேமனில் இருப்பவருக்கு ஏபிஎஸ் கைகொடுக்கும். ஆனால் அவருக்கு வேறொரு தலைவலி. கண்ணாடியில் எந்நேரமும் வெள்ளை விளக்குகள்! ஜிடி4 வண்டி ஒரு சுற்றுக்குப் பத்து நொடிக்கு மேல் மெதுவு. அதனால் வேக வகுப்புக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து தாண்டிக்கொண்டே இருப்பார்கள். மூன்று லிட்டர் டர்போ பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 ஒருபக்கம், 6.2 லிட்டர் வி8 மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி3 இன்னொரு பக்கம். அந்த மெர்சிடிஸ் நேர்ப்பாதையில் கர்ஜிக்கும் சத்தத்தை ஃபோன் ஒலிபெருக்கியில் கேட்டே எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி எழுந்துவிட்டது. அவர்களுக்கு வழிவிட்டும் ஆக வேண்டும், தன் வேகம் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டுகிறவர் ஒரு பக்கம் கவனித்தால் போதும், தாண்டப்படுகிறவர் முன்னும் பின்னும் கவனிக்க வேண்டும். மெதுவான கார் ஓட்டுவது சுலபம் என்று இனி யாராவது சொன்னால் கன்றுக்குட்டியிடம் அனுப்புவேன்.

எது நல்ல கார் என்று அதிகாலையில் நண்பரைக் கேட்டேன். அவர் ஒரு சுற்றின் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே மறுத்துவிட்டார். "ஒரு சுத்துக்குன்னா கப்புதான், யோசிக்கவே வேணாம். ராத்திரி மூணு மணிக்கு, தூக்கம் வர்ற டிரைவருக்கு, மூணாவது தடவ டயரு மாத்தி விட்டா எது நேரா போவும்? அதச் சொல்லுங்க." அவர் கணக்கில் கார் என்றால் ஓட்டுபவன் செய்யும் தப்பை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும், கெட்டால் எத்தனை நிமிடத்தில் சரிசெய்யலாம், இவ்வளவுதான். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 24 மணி நேரத்தில் ஜெயிக்கிற கார் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். திருச்சியிலிருந்து டெல்லிக்குப் போய், அங்கேயும் நிற்காமல் இமயமலையைப் பார்த்து விரட்டுகிற தூரம். அதில் ஒரே சுற்றில் கிடைத்த அரை நொடியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொட்டகைப் பக்கத்து ஆபத்தை லேசாக எண்ணவும் கூடாது. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2009-இல் லெ மான்ஸுக்குப் போனார். ஆடி காரில் தகுதிச் சுற்று எல்லாம் முடித்து, பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. ஃபார்முலா 1-இல் சுழன்றடித்தவரைக் கடைசியில் ஒரு சுவர் உட்கார வைத்தது! மூன்று வருஷம் கழித்து 2012-இல் சென்னையின் கருண் சந்தோக் அங்கே ஓட்டி, அவர் அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தது. சோழவரத்து விமான ஓடுதளத்தில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓட்டிப் பார்த்த தமிழ்நாட்டுக்கு 24 மணி நேர ஆசை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இருங்காட்டுக்கோட்டைத் திடல் 1990-இல் வந்த பிறகு சோழவரம் கதையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் எல்லாரும் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பெரியவர்கள் மறுபடி கோயிலுக்குப் போக ஆயத்தமாகிறார்கள். நாங்கள் இருவரும் சட்டைகூட மாற்றவில்லை. டபிள்யூஆர்டி அணியின் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 ஒட்டுமொத்த வெற்றியைத் தூக்கிக்கொண்டு போனது. அதை விடுங்கள்! 901 கப் கார், கப் கார்களுக்கான 992 வகுப்பில் மூன்றாமிடம்! செவ்வாய்க்கிழமை தடுப்பில் மோதிய அணி, ஞாயிற்றுக்கிழமை மேடையில். அஜித் ஓட்டிய 414 கேமனுக்கு ஜிடி4 வகுப்பில் 'ஸ்பிரிட் ஆஃப் தி ரேஸ்' விருது. கையில் தேசியக் கொடியோடு அவர் ஓடிவந்தபோது தம்பியின் ஃபோன் மேலும் கீழும் குதித்தது. படத்தில் வானம், செருப்பு, வானம், யாரோ ஒருத்தரின் முழங்கை, மறுபடி வானம். பார்வையாளர் மாடமே தமிழில் கத்திக்கொண்டிருந்தது. துபாய் ஆட்டோட்ரோம் திறந்தது 2004-இல். அதற்குப் பிறகு அங்கே இவ்வளவு விசில் அடித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மேடை ஆரவாரத்துக்கு நடுவே தம்பி கேமராவைக் கொட்டகைப் பக்கம் திருப்பினான், நான் கேட்டுக்கொண்டபடி. அங்கே எந்த ஆட்டமும் இல்லை. ஒருத்தர் ஸ்பானரோடு காருக்கடியில் போய்விட்டார். இன்னொருத்தர் கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில், இத்தாலியின் முஜெல்லோவில், 12 மணி நேரப் பந்தயம் காத்திருக்கிறது. (அங்கேயும் அதே வகுப்பில் மூன்றாமிடம் வந்தார்கள், இந்த முறை அஜித்தும் ஓட்டி.) கார்களைப் பெட்டியில் ஏற்ற வேண்டும், எண்ணி வைத்த நட்டுகள் சரியாக இருக்கின்றனவா பார்க்க வேண்டும்.

நண்பர் சோம்பல் முறித்து எழுந்தார். பட்டறைக்குப் போயாக வேண்டும், பொங்கலுக்குள் முடித்துத் தருவதாகச் சொன்ன வண்டிகள் நாலு நிற்கின்றனவாம். சும்மா கேட்டுவைத்தேன், "ரெண்டுல ஒண்ணு இலவசமா தர்றாங்கன்னு வைங்க. கப்பா, கேமனா?"

செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"ரெண்டும் வேணாம் சார். அந்தப் பெட்ரோல் பங்க்க எனக்கு எழுதி வெக்கச் சொல்லுங்க."